தூத்துக்குடி வெள்ளை

திருநெல்வேலிக்காரர்களுக்குத் தூத்துக்குடி ஒரு சோலியாகப் போய்வரும் ஊர். துறைமுகத்தில் சரக்கு எடுக்க வேண்டும், கல்யாண வீட்டில் தலையைக் காட்ட வேண்டும், விமானம் பிடிக்க வாகைக்குளம் போக வேண்டும். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். நடுவில் ஐம்பது கிலோமீட்டர்தான். 1986 அக்டோபரில் பிரிக்கப்படும் வரை இரண்டும் ஒரே மாவட்டம். இத்தனை பக்கத்தில் இருப்பதாலேயே அங்கே ஓர் இரவு தங்கிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. கடல் பார்க்கக் கன்னியாகுமரி, சாமி கும்பிடத் திருச்செந்தூர், சனி ஞாயிறு இளைப்பாறக் குற்றாலம் என்று நமக்கு வகுத்து வைத்தாயிற்று.

எனக்குத் தூத்துக்குடி பிடித்துப்போனது அதன் வெள்ளையால். உப்பின் வெள்ளை, சங்கின் வெள்ளை, முத்தின் வெள்ளை, முட்டை வெண்கருவை அடித்துச் சுட்ட மக்ரூனின் வெள்ளை. சேர்த்துச் சொன்னால் எல்லாம் ஒரே நிறம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றின் வெள்ளை இன்னொன்றிடம் இல்லை. உப்பு வெயிலைத் திருப்பி அடிக்கிறது. சங்கு வெயிலை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. மக்ரூனில் பளபளப்பே கிடையாது. அதன் வெள்ளை சுவர்ச் சுண்ணாம்பின் இனம். மாசிக்கும் ஆவணிக்கும் நடுவில், உப்பு விளையும் காலமாகப் பார்த்து, ஒரு சனி ஞாயிறை இந்த வெள்ளைகளுக்கென்று ஒதுக்கிப் போய்வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

வல்லநாடு வழியாகப் போகும் நான்குவழிச் சாலை ஒரு மணி நேரத்தில் கொண்டு விட்டுவிடும். அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம். போகும்போது ஆற்றோடு போக வேண்டும். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், கருங்குளம் என்று திருச்செந்தூர் ரோட்டில் போனால் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு வரும். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டிப் பார்த்து, பிறகு அலெக்சாண்டர் ரீ 1899 முதல் விரிவாக அகழ்ந்த தாழிக்காடு அது. அதைப் பற்றி எழுதத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும். அங்கிருந்து பாலம் கடந்து ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியின் பழைய எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு இங்கேதான் இருக்கிறது. பிறகு வடகரையைப் பிடித்துக்கொண்டு ஏரல் வழியாகக் கொற்கை. வழி முழுக்க வாழை. வாழை விட்ட இடத்தில் நெல். அக்கரையில் ஆத்தூர், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை அங்கே கொடிக்கால்களில் வளர்கிறது. கண்ணுக்கு எட்டிய வரை பச்சையைத் தவிர வேறு நிறமே இல்லை. இந்தப் பச்சையில் கண் ஊறிப் போய்ச் சேர்ந்தால்தான் பிறகு வரும் வெள்ளை நன்றாக உறைக்கும்.

கொற்கையில் இறங்குகிறவர்கள் முதலில் கடலைத் தேடுவார்கள். கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கரையைத் தள்ளிவிட்டது. தாலமி தன் நூலில் எழுதிய துறைமுகம், பெரிப்ளூஸ் நூலின் ஆசிரியர் பாண்டியனின் முத்துக்குளிப்பு நடக்கும் இடமாகக் குறித்த ஊர், இன்று வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சிறிய கிராமம். ஒரு குளம், ஒரு பழைய வன்னி மரம், அக்காசாலை ஈசுவரமுடையார் என்ற பெயரில் ஒரு கோயில். அக்காசாலை என்பது பொன்னும் காசும் செய்த பட்டறை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது.

அந்தக் கரியைவிட என் மனதை இழுப்பது இந்த மண்ணில் கிடைத்த சங்குத் துண்டுகள். மதராஸ் மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கொற்கையிலும் பழையகாயலிலும் அறுத்துப்போட்ட சங்குச் சில்லுகளைக் கண்டு, இங்கே வளையல் பட்டறைகள் இருந்திருக்கின்றன என்று அடையாளம் சொன்னவர் அவர். தானாக உடைந்த சங்கின் விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். அறுத்த சங்கின் விளிம்பு நேராக இருக்கும். அதன் மேல் வாள் போய் வந்த கோடுகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும். சங்கு சுருள் சுருளாக வளர்ந்த பொருள். அதைக் குறுக்கே அறுத்து வட்டம் எடுக்க வேண்டுமென்றால் எந்தச் சாய்வில் வாளை வைப்பது, எத்தனை வளையல் தேறும், எந்த இடத்தில் நடுத்தண்டு குறுக்கிடும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சில்லில் இருக்கும் ஒவ்வொரு கோடும் ஒரு கையின் ஒரு இழுப்பு. அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கோடு மட்டும் அழியாமல் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கண்ணில் பட்டால் பாருங்கள், எடுத்துப் பையில் போடாதீர்கள்.

முக்காணி தாண்டிப் பழையகாயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து பார்த்து வியந்த காயல் துறை இந்தப் பக்கம்தான். கொற்கையைக் கடல் கைவிட்ட பிறகு காயல், காயலையும் கைவிட்ட பிறகு தூத்துக்குடி என்று, துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறது. முள்ளக்காட்டை நெருங்கும்போது வாழை சட்டென்று முடிகிறது. ரோட்டின் ஒரு பக்கம் கடைசித் தோட்டம், மறுபக்கம் முதல் உப்புப் பாத்தி. மண் வெளிறிப்போகிறது. வெயில் கீழேயிருந்தும் அடிக்க ஆரம்பிக்கிறது.

ஆற்றங்கரைக்கும் உப்பளத்துக்கும் ஒரே மலைதான் படியளக்கிறது என்பதை இந்த இடத்தில் நின்றால் உணரலாம். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கேரளத்துப் பக்கம் கொட்டுகிறது. பொதிகை குறுக்கே நின்று அந்த மேகங்களைப் பிடித்து, தன் உச்சிகளில் விழுந்த தண்ணீரைப் பாபநாசம் வழியாகத் தாமிரபரணியில் இறக்கிவிடுகிறது. மழையை இழந்து வறண்ட காற்று மட்டும் மலை இடைவெளிகளில் இறங்கி, சமவெளி முழுதும் ஓடி, தூத்துக்குடிக்கு வந்து சேர்கிறது. கடற்கரைக்காரர்களின் கச்சான் காற்று இதுதான். ஆற்றில் தண்ணீர் வரும் அதே மாதங்களில் பாத்தியில் தண்ணீர் காய்கிறது. நமக்குக் கார் சாகுபடிக்கு நீர் தரும் மலையே அவர்களுக்கு உப்புக் காயக் காற்றும் தருகிறது. உப்பு உற்பத்தியில் நாட்டிலேயே குஜராத்துக்கு அடுத்த இடம் தூத்துக்குடிக்குக் கிடைத்ததில் கடலின் பங்கு பாதி, பொதிகையின் பங்கு பாதி என்று நான் சொல்வேன்.

உப்பளத்தைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வெள்ளை என்று சொல்லிவிடலாம். பாத்தியோரம் வந்து நின்றால், வெள்ளை கடைசியில்தான் வருகிறது என்று தெரியும். கடல்நீரோ, ஆழ்குழாயில் இறைத்த உவர்நீரோ முதலில் பெரிய தேக்கங்களில் நிற்கிறது. அங்கே அதற்குக் கலங்கல் பச்சை. அடுத்தடுத்த பாத்திகளுக்குத் திறந்துவிட விட, நீர் வற்றி உப்பு செறிகிறது. அந்தச் செறிவை ‘டிகிரி’ என்பார்கள். கடல்நீர் 3 டிகிரி சொச்சம் இருக்கும். 25ஐத் தொடும்போதுதான் உப்பு படிய ஆரம்பிக்கும். அதற்குள் சுண்ணமும் ஜிப்சமும் முந்தைய பாத்திகளிலேயே அடியில் தங்கியிருக்க வேண்டும். 29, 30 என்று ஏறவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்புத் தட்டும். ஆகவே அந்த மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். நடுவில் இருக்கும் அந்த நாலைந்து டிகிரிக்குள்தான் நம் வீட்டுச் சொதிக்கும் மீன்குழம்புக்கும் உரிய ருசி இருக்கிறது. செறிவு ஏறிய பாத்தி ஒரு கட்டத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். அத்தனை உப்பிலும் உயிர் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. பச்சை, பழுப்பு, இளஞ்சிவப்பு எல்லாவற்றையும் கடந்து வருகிறது வெள்ளை.

காற்று சற்று அடங்கிய பிற்பகலில் பாத்தி வரப்பில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். நீரின் மேல் பாலாடை போல ஒரு மெல்லிய படலம் ஒதுங்கியிருக்கும். கண்ணை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினால் அந்தப் படலம் தனித்தனிச் சதுரங்களாகப் பிரியும். ஒவ்வொரு சதுரமும் நடுவில் குழிந்தது. முதலில் ஒரு சிறு மணி நீரின் மேல் மிதக்கிறது. அதன் விளிம்பில் உப்பு சேரச் சேர எடை கூடி ஒரு மயிரிழை அமிழ்கிறது. அமிழ்ந்ததற்கு மேலே அடுத்த விளிம்பு வளர்கிறது. இப்படிப் படிப்படியாக இறங்கி, தலைகீழாக நிறுத்திய கோபுரம் ஒன்று கடுகளவில் உருவாகி நிற்கும். யாரும் செதுக்காத நுணுக்கம். விரல் பட்டால் போதும், தண்ணீருக்குள் போய்விடும். அடியில் விளையும் உப்புக்கு இந்த ஒயில் கிடையாது. அது கனமான கட்டம் கட்டமான கல் உப்பு. நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் மேலே மிதக்கும் உப்புப் பூவைப் பார்க்காமல் உப்பளம் பார்த்ததாகச் சொல்லக் கூடாது.

பாத்தியின் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருவம் தொடங்கும்போது சேற்றைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். அந்த மிதியில்தான் உப்பின் நிறம் இருக்கிறது. தரை இறுகவில்லை என்றால் வாரும்போது மண் கூடவே வந்து உப்பு பழுப்பாகிவிடும். வாருபலகையை இழுக்கிறவர் கையில் இன்னொரு அளவு இருக்க வேண்டும். அழுத்தினால் தரையைக் கிளறிவிடும், தளர்த்தினால் உப்பு தங்கிவிடும். நீண்ட கழியின் நுனியில் இருக்கும் பலகை தண்ணீருக்கடியில் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதை உள்ளங்கைதான் சொல்ல வேண்டும். இழுக்கும்போது எழும் சரசரப்பு ஒரே சீராக இருந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். வாரிய உப்பு வரப்போரம் நீண்ட வரிசையாக நீர் வடிய நிற்கும். அப்போது அதில் ஒரு சாம்பல் நீலம் இருக்கும். வடிந்து காய்ந்த பிறகு, மேட்டில் அம்பாரமாகக் குவித்த பிறகுதான், கண் கூசும் அந்த வெள்ளை.

கண் கூசும் என்று நான் எழுதிவிட்டுப் போய்விடலாம். அதில் நாளெல்லாம் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதிகாலை இருட்டிலேயே வேலைக்கு இறங்கி வெயில் ஏறுவதற்குள் கரையேறப் பார்ப்பார்கள். அப்படியும் அந்த ஒளி கண்ணைக் கெடுக்கிறது, அந்த நீர் பாதத்தை அரிக்கிறது. தலையில் உப்புச் சுமந்து மேட்டில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐப்பசி மழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென்று குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை தரும் திட்டத்தை 2022இல் தமிழக அரசு தொடங்கியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, இந்தக் கரையில் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கின, அம்பாரங்கள் கரைந்தன. மாதக்கணக்கில் கையால் சேர்த்தது வந்த வழியே கடலுக்குப் போய்விட்டது.

ஊருக்குள் வந்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பெரும்பாலும் அது நம்ம ஆற்றுத் தண்ணீராகத்தான் இருக்கும். நிலத்தடி நீர் உவர்ப்பான இந்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணியைக் குழாயில் கொண்டுவந்தவர் நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. ஆண்டு 1927. ஊர்க்காரர்கள் இன்றும் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள். உப்பில் பிழைக்கும் ஊருக்கு நல்ல தண்ணீர் தந்தவரை வேறெப்படிக் கொண்டாடுவது?

மாலையில் மக்ரூன். இதைச் சாப்பிடுவதற்கென்றே தூத்துக்குடி போகலாம் என்று சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, மூன்றே பொருள். மாவு கிடையாது, நெய் கிடையாது. ஐரோப்பாவில் இந்தப் பண்டத்துக்குப் பாதாம் போடுவார்கள். பாதாம் விளையாத இந்தக் கரையில் அதன் இடத்துக்கு முந்திரி வந்தது. அந்த முந்திரியே போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இந்தியாவில் நட்ட மரம். கடல் வழியாக வந்த ஒரு பண்டமும் கடல் வழியாக வந்த ஒரு மரமும் இங்கே ஒன்றுசேர்ந்து, இரண்டும் பிறந்த ஊரை மறந்துவிட்டன.

வெள்ளைக்கருவைச் சீனியோடு சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்கு அடிக்கிறார்கள். மஞ்சள்கரு ஒரு சொட்டுக் கலந்தாலும் நுரை எழும்பாது. பொடித்த முந்திரியை அதில் போட்டு, நுரை உடையாமல் மடித்து மடித்துக் கலக்க வேண்டும். பிறகு கூம்பாகச் சுருட்டிய தாளில் நிரப்பித் தட்டில் பிழிவார்கள். அடியில் ஒரு வட்டம், அதன் மேல் சின்ன வட்டம், கடைசியில் கையைச் சுண்டி எடுக்கும்போது ஒரு கூர். அந்தக் கூர் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். பிழிந்தவர் கை எந்தப் பக்கம் விலகியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். விறகு எரித்துத் தணிந்த அடுப்பின் மந்தச் சூட்டில் அது நெடுநேரம் இருக்கிறது. வேகிறது என்பதைவிட உலர்கிறது என்பதே சரி. சூடு கூடினால் நிறம் மாறிவிடும். நிறம் மாறாமல், உள்ளே ஈரம் நிற்காமல் எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

வாயில் வைத்தால் முதலில் மெல்லிய ஓடு நொறுங்கும். ஓடு நொறுங்கிய மறுகணம் உள்ளே ஒன்றுமே இல்லை என்று தோன்றும். காற்றைக் கடித்ததாக இருக்கும். அந்தக் காற்று நாக்கில் கரைந்து இனிப்பாகும். எல்லாம் கரைந்து முடிந்த பிறகு முந்திரியின் மெல்லிய நறநறப்பு பல்லிடுக்கில் மிஞ்சும். இந்த மூன்று கட்டமும் வரிசை மாறாமல் வந்தால் நல்ல மக்ரூன். கடையில், “அண்ணாச்சி, இன்னைக்குப் போட்டதா?” என்று கேட்டு வாங்குங்கள். பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு ஊர்க்கதை பேசினால் ஒரு மணி நேரத்தில் ஈரம் ஏறிப் பிசுபிசுத்துவிடும். பாத்தியிலிருந்தும் நுரையிலிருந்தும் தண்ணீரை அவசரப்படாமல் வெளியேற்றத் தெரிந்த ஊர் இது. உப்பு காயக் கச்சான் காற்று, மக்ரூன் காயத் தணிந்த அடுப்பு.

இரவுச் சாப்பாட்டுக்குப் பரோட்டாக் கடைகள். தூத்துக்குடியில் இவற்றுக்கு நைட் கிளப் என்றே பெயர். எண்ணெயில் பொரித்து மொறுமொறுவென்று எடுத்த பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னாவை ஊற்றி, ஊறுவதற்குள் சாப்பிட வேண்டும். அதைப் பற்றி எழுத நாக்குத்தான் வேண்டும், பேனா போதாது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் திரேஸ்புரம். வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருக்கும். சீலாவும் விளைமீனும் ஊளியும் ஏலத்துக்கு விரித்துக் கிடக்கும். எனக்கு வேண்டியது சங்கு. கடலிலிருந்து வந்த சங்கைப் பார்த்தால் பலர் ஏமாந்துபோவார்கள். அதில் வெள்ளையே இருக்காது. பழுப்புத் தோல் ஒன்று மூடியிருக்கும். அதை உரித்துச் சுரண்டிக் கழுவித் தேய்த்த பிறகுதான் பால் நிறம் வரும். வாய்ப்பக்கம் மட்டும் இளம் ஆரஞ்சு கலந்த ஒரு சாயை. அதைக் காலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் விளிம்பில் ஒளி ஊடுருவி, உள்ளே ஒரு விளக்கு இருப்பதாகப் படும். இங்கே எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே மணமான பெண்களின் கையில் வெள்ளை வளையலாக ஏறுகிறது. கொற்கைச் சில்லில் பார்த்த அதே அறுப்பு வேலை, இப்போது அங்கே நடக்கிறது.

சங்கை எடுக்க மூழ்குகிறவர்களைச் சங்குகுளிகாரர்கள் என்பார்கள். கல்லைக் காலில் தாங்கி இறங்கிய காலம் போய்விட்டது. ஆபத்து போகவில்லை. தென்கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் ஹேன்யோ பெண்களின் மரபை 2016இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தீவுக்குப் போகிறவர்கள் அவர்கள் மூழ்குவதைக் காத்திருந்து பார்க்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவில் இரண்டாயிரம் ஆண்டுகளாக மூழ்கிவரும் குளிகாரர்களையும், பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்க இறங்கும் பெண்களையும் அந்தக் கண்ணோடு நாம் இன்னும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும்.

முத்து இப்போது நினைவில்தான். கடலடியில் சிப்பி விளையும் மேடுகளைப் பார் என்பார்கள். அந்தப் பார்களில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். பிறகு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமியின் முயற்சியில், 1973 ஜூலையில், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து உருண்டு வந்தது. முத்தின் வெள்ளையை வெள்ளை என்று சொல்வதே சற்றுக் குறைவு. சிப்பி தன் உடம்பில் உறுத்திய ஒன்றின் மேல் கண்ணாடி போன்ற அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போகிறது. ஒளி மேல் அடுக்கில் கொஞ்சம், அடுத்த அடுக்கில் கொஞ்சம் என்று பட்டுத் திரும்புவதால், விரலில் உருட்டும்போது வெள்ளைக்குள் ரோஜாவும் பச்சையும் வந்து வந்து மறைகின்றன.

அப்படியே கடற்கரைச் சாலையில் பனிமய மாதா பேராலயம். 1555இல் மணிலாவிலிருந்து சாந்த எலேனா என்ற கப்பலில் வந்ததாகப் போற்றப்படும் மாதாவின் மரச் சிற்பம் இங்கே இருக்கிறது. இப்போதுள்ள கோயில் 1713இல் அர்ச்சிக்கப்பட்டது. 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. 1806இல் முதன்முதலாக ஓடிய பொன் தேர் எல்லா ஆண்டும் ஓடுவதில்லை. கடைசியாக 2023இல் அதை இழுத்தபோது ஊரே தெருவில் நின்றது. ரோமில் ஒரு கோடை நாளில் பனி பெய்து மாதா தன் கோயிலுக்கு இடம் காட்டியதாக மரபு. அந்த நாளான ஆகஸ்ட் 5தான் இங்கும் திருவிழா. பனியையே கண்டிராத ஊரில், உப்பு மும்முரமாக விளையும் மாதத்தில், பரதவர்கள் பனியின் பெயரால் தாயை வணங்குகிறார்கள். வெள்ளைக்கு இந்த ஊர் கொடுத்திருக்கும் இடம் எனக்கு இதில் நெகிழ்ச்சியாகத் தெரிகிறது.

ஒரு வெள்ளை மட்டும் இங்கே பார்க்கக் கூடாதது. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை இருந்த 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. முன்பு சுண்ணாம்புக்காக அவற்றை வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லி உட்பட இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. கடல் சூடேறிய 2016இல் பவளங்கள் தங்கள் நிறத்தைக் கக்கிவிட்டு வெளுத்துப்போயின. பவளத்துக்கு வெள்ளை நோய்.

தூத்துக்குடியை நான் ரசிப்பது உப்பளத்து மனிதர்களின் உழைப்பின் மேல் நின்றுகொண்டுதான். அவர்களுக்கு வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல: கண்ணுக்குக் குளிர்கண்ணாடி, காலுக்கு உப்பு ஏறாத காலணி, பாத்திக்கு அருகில் நிழலும் குடிநீரும், வேலையில்லாத மழை மாதங்கள் முழுவதற்கும் போதுமான உதவி. உப்பை விற்கிறவர்களும் அரசும் இதைச் செய்து கொடுக்க வேண்டும். நீங்கள் போகும்போது கேட்டுவிட்டுப் பாத்தியில் இறங்குங்கள், மிதித்து இறுக்கிய தரையைச் செருப்புக் காலால் மிதிக்காதீர்கள், திரும்பும்போது வீட்டுக்கு இரண்டு கிலோ கல் உப்பு வாங்கி வாருங்கள்.